நிறுத்துவதற்கும் பக்கத்தில் ஓர் இடம்

(மலேசியாவின் ஜொகூரில், தெப்ராவ் வட்டாரப் பொதுமக்கள் முன்னிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

இன்றைய பேச்சில் பாதி, பின்வரிசையில் கதவோரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்குத்தான். கதவோரம் உட்காருகிறவர் ஏன் அங்கே உட்காருகிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அண்ணனும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அங்கேதான் உட்காருவார். பாதியில் எழுந்து போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பு. எல்லாரும் கவனிப்பார்கள். அம்மா மட்டும் கவனிக்காத மாதிரி இருப்பார்.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல. ஒரு குடிநோயாளியின் தம்பி, அவ்வளவுதான் என் தகுதி. 'குடிகாரன்' என்று சொல்லாமல் 'குடிநோயாளி' என்கிறேன். அண்ணன் வருத்தப்பட்டிருப்பார் என்பதற்காக அல்ல. குடிகாரன் என்றால் திட்டத் தோன்றும், நோயாளி என்றால் வைத்தியம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுத் திண்ணைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். இங்கிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். ஜொகூர் ஜெயா பக்கம் போங்கள், மவுண்ட் ஆஸ்டின் பக்கம் போங்கள், உலு திராம் சாலையில் போங்கள். குடிக்க எத்தனை இடம் இருக்கிறது? எண்ண விரல் போதாது. சரி, குடியை நிறுத்த நினைக்கும் ஒருவர் அதே பத்து நிமிடத்தில் போய் உட்கார எத்தனை இடம்? சபை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம் கதையில் குடி எப்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தோட்டத்தில் லயன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை. சம்பளம் கொடுத்த நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே அந்தக் கடை நடந்தது. காலையில் கொடுத்த காசு சாயங்காலம் அதே கைக்குத் திரும்பிப் போகும். நம் முன்னோர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். போருக்குப் பின் கெடாவில் பெடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் அது போலீசோடு மோதலாகி உயிரும் போனது. கள்ளை எதிர்த்து இந்த மண்ணில் தமிழன் உயிர் கொடுத்திருக்கிறான் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கடையை மூடச் சொல்லிப் போராடினோம். கடைக்குள் இருந்தவனை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. இன்றும் அப்படித்தான். மது வாங்கும் வயதை 2017 டிசம்பரில் 21 ஆக்கினார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கான தண்டனையை 2020-இல் கடுமையாக்கினார்கள். இரண்டும் தேவையானவை. சட்டம் கடையையும் சாலையையும் பார்த்துக்கொள்ளும். ராத்திரி மூன்று மணிக்குக் கை நடுங்கிக்கொண்டு சமையலறையில் நிற்பவனைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்கு வந்தோம். தோட்டத்தில் ஒருவன் விழுந்தால் லயன் முழுக்கத் தெரியும். சத்தம் போட நாலு பேர், தூக்கிவர நாலு பேர். தாமானில் கேட்டைப் பூட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை, இரவு ஒன்பதுக்கு வீடு, காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து இரண்டு டின். குடி மாறவில்லை. கூட்டம்தான் கலைந்துவிட்டது.

இப்போது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காட்சி. கார்த்திகை பிறந்ததும் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். வருடம் முழுக்கக் குடித்தவர் ஒரு மண்டலம் தொடவே மாட்டார். வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய இரண்டாம் நாள் பழைய கதை. "சாமிக்குப் பயந்து இருந்தான், பயம் போச்சு, ஆரம்பிச்சிட்டான்" என்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒரு மண்டலமும் அவருக்கு என்னென்ன கிடைத்தது என்று பாருங்கள். தினமும் சாயங்காலம் போக ஓர் இடம். அங்கே அவரைப் போலவே விரதம் இருக்கும் பத்துப் பேர். முதலாளியும் சாமி, லாரி ஓட்டுநரும் சாமி, பேர் கேட்பதில்லை. முன்பே பல தடவை மலை ஏறிய குருசாமி ஒருவர், எப்போது போன் செய்தாலும் எடுப்பார். கையில் செய்ய ஒரு வேலை. மாலையைக் கழற்றும் நாளில் சாமி அவரை விட்டுப் போவதில்லை. போவது இந்த ஏற்பாடு முழுவதும்தான். குடிநோயாளிகளின் ஆதரவுக் குழு என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அதை நாம் வருடத்துக்கு ஒரு மண்டலம் நடத்திவிட்டுக் கலைத்துவிடுகிறோம். மிச்ச நாளுக்கும் அது வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறளையும் வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். அவற்றில் முதலாவதில், குடித்திருப்பவனுக்குக் காரணம் சொல்லித் திருத்த முடியாது என்கிறார் வள்ளுவர். தண்ணீருக்கடியில் மூழ்கிக் கிடப்பவனை விளக்கு ஏந்திப் போய்த் தேடுவது மாதிரி வீண்வேலை என்கிறார். சரி, அப்புறம் என்ன வழி? அடுத்த குறளில் ஒரு கேள்வி கேட்கிறார். தான் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்த்தால், தன் கதியும் இதுதானே என்று அவன் நினைக்க மாட்டானா? வகுப்பில் எத்தனையோ தடவை இந்தக் குறளை நடத்தியிருக்கிறேன். அண்ணன் குணமாகும்வரை அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் சொன்ன அறிவுரை அவருக்கு ஏறவில்லை. இன்னொரு குடிநோயாளியின் முகம் ஏறியது.

அதே உண்மை 1935-இல் அமெரிக்காவில் ஒரு ஹோட்டல் முகப்பறையில் இன்னொருவருக்குப் பிடிபட்டது. பில் வில்சன், நியூயார்க் பங்குச் சந்தைக்காரர். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. அக்ரன் என்ற ஊருக்கு வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் நடந்தார். குடியை விடமுடியாமல் தவிக்கும் யாராவது இந்த ஊரில் இருக்கிறார்களா, நான் அவரோடு பேசவேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர், மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டார். பில் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். உதவி செய்ய அல்ல, தான் பிழைக்கவே போன் செய்தார் என்பது இதில் முக்கியம். டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சுருக்கமாக ஏஏ.

கூட்டத்தில் என்னதான் நடக்கிறது? வட்டமாக நாற்காலி, ஒரு கெட்டில், தே ஓ. ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. பேசப் பிடிக்காதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றிவரும், விருப்பமும் வசதியும் இருப்பவர் போடலாம். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை. 'இனிமேல் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்' என்ற சத்தியம் அங்கே செல்லாது. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருக்கிறேன் என்றால் போதும். நம் வீடுகளில் வாங்கும் சத்தியமெல்லாம் ஜென்மக் கணக்கு. அதனால்தான் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, பலன் உண்டா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவேண்டும். 2020-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பற்றிய விவரங்களை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், ஏஏவும் ஏஏவுக்கு முறையாக அழைத்துச் செல்லும் சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருகின்றன என்பது முடிவு. எல்லாருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை. பலிக்காதவருக்கு வேறு வழிகள் உண்டு, மருந்தும் உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் உட்காருவது மட்டும் வழி அல்ல.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன குடும்பம் எனக்குத் தெரியும். அது மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம். உயிரே போகலாம். ஆகவே முதல் படி டாக்டர், இரண்டாம் படி குழு. அதேபோல, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. ஒருவரை அவருக்கே தெரியாமல் குணப்படுத்த முடியாது.

இனி, தெப்ராவில் இருக்கிற ஒருவர் எங்கே தொடங்குவது? பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். எவ்வளவு, எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பாதியாகக் குறைத்துச் சொல்வது நம் எல்லார் வழக்கமும். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ, தம்போய் பக்கம் இருக்கும் பெர்மாய் மருத்துவமனைக்கோ போகலாம். பெர்மாய் என்றதும் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியா' என்று முகம் சுளிக்கவேண்டாம். நடுங்கும் கைக்கும் உடைந்த மனதுக்கும் வைத்தியம் அங்கே இருக்கிறது. மனம் தாளாமல் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. வீட்டில் அடி உதை என்றால், அம்மா, தங்கச்சி, அவர் திருந்தும்வரை காத்திருக்காதீர்கள். தாலியான் காசே உதவி எண் 15999.

ஏஏ கூட்டங்கள் மலேசியாவில் நடக்கின்றன. கிழமை, நேரம், இடத்தை நான் இங்கே அறிவிக்கவில்லை. அவை மாறும், பழைய முகவரியை நம்பிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவர் இரண்டாம் தடவை போகமாட்டார். போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் வேலை முடிந்து சிங்கப்பூரில் நடக்கும் கூட்டத்துக்கே போய்விட்டு வரலாம். தெரிந்த முகம் அங்கே குறைவு, சிலருக்கு அது வசதி. கொரோனா காலத்துக்குப் பிறகு கைப்பேசி வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன. தமிழிலேயே பேசிக் கேட்கலாம். ஆனால் கைப்பேசி தே ஓ கலக்கித் தராது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது? அடையாளக் கார்டு கேட்டால் யோசியுங்கள். பணம் கேட்டால் எழுந்து வாருங்கள். டாக்டர் கொடுத்த மருந்தைத் தூக்கிப்போடு என்றால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள். மதம் மாறச் சொன்னாலும் அப்படியே. குழு உங்களிடம் எதிர்பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அடுத்த வாரமும் வருவது.

பக்கத்தில் குழு இருந்தால் நல்லதுதான், ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே போகப் பயம் என்பார்கள். "எதிர்வீட்டுக்காரர் பார்த்துட்டா?" நியாயமான பயம். இதைத் தமிழ்நாட்டில் ஒருவர் அழகாகத் தீர்த்தார். இந்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சாந்தி ரங்கநாதன். கணவர் ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-இல் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார், அது நடத்துவதுதான் டி.டி.கே. மருத்துவமனை. 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னைக்கு வரமுடியாத கிராமத்து ஏழைகளுக்காக, திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் நடத்தினார்கள். நோயாளி நகரத்தைத் தேடி வராமல் சிகிச்சை ஊருக்குள் போனது. ஊர்ப் பெரியவர்கள், மனைவிமார், முன்னே குணமானவர்கள் எல்லாரும் முகாமுக்குப் பக்கபலம். எல்லாரும் அதில் இருந்ததால், பார்த்துவிடுவார்களே என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. வெட்கத்தைப் போக்க ஒளிவது ஒரு வழி. ஊரே பக்கத்தில் வந்து நிற்பது இன்னொரு வழி.

குடும்பத்தாருக்கும் தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் தொடங்கிய அல்-அனான். பாட்டிலை ஒளித்துவைப்பது, முதலாளிக்குப் போன் செய்து 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, இதையெல்லாம் அன்பு என்று நினைத்துச் செய்கிறோம். நானும் செய்தேன். அண்ணன் விழவேண்டிய இடத்தில் எல்லாம் நான் மெத்தை போட்டேன். குடிக்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வெட்கம் இரட்டிப்பு, இடம் பாதி. அதையும் மனதில் வையுங்கள்.

சரி, அண்ணன் கதையை முடிக்கவேண்டும். அப்போது அவர் கோலாலம்பூர் பக்கம் வேலையில் இருந்தார். ஒரு டாக்டர் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி. முதல் வாரம் போனார், மோட்டார் இஞ்சினை அணைக்காமல் எதிர்ப்பக்கம் நின்றார், திரும்பிவிட்டார். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் இஞ்சினை அணைத்தார், தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. நாலாம் வாரம் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்து நேராக இவரிடம் நடந்தார். அண்ணன், இதோ அறிவுரை வருகிறது என்று நினைத்தாராம். பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, உள்ள சீனி தீர்ந்துபோச்சு. மூலைக்கடையில ஒரு கிலோ வாங்கிட்டு வர்றீங்களா?" ஐந்து வெள்ளி நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அண்ணனை நம்பி ஐந்து வெள்ளி கொடுத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நாங்கள் யாரும் கொடுக்க மாட்டோம். மூலைக்கடையில் சீனிக்குப் பக்கத்திலேயே பாட்டிலும் இருந்தது. ரொம்ப நேரம் நின்றேன் என்று பிற்பாடு சொன்னார். சீனியை வாங்கினார். வாங்கிய சீனியை உள்ளே கொண்டுபோய்த்தானே கொடுக்கவேண்டும்? மிச்சச் சில்லறையையும் கொடுக்கவேண்டும். அப்படித்தான் அந்தக் கதவைத் தாண்டினார். நடுவில் ஒருதரம் சறுக்கினார், திரும்பவும் போனார். அதற்குப் பிறகு சாகும்வரை குடிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சீனி வாங்குவது கடைசிவரை அவர் வேலை.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். நமக்குக் கட்டடம் வேண்டாம். திறப்பு விழா வேண்டாம், பிரமுகர் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போட்டால் முதல் வாரத்தோடு குழு செத்துவிடும். வேண்டியது ஓர் அறை, ஒரு சாவி, ஒரு கெட்டில், மாறாத ஒரு கிழமை. இரண்டு பேர் வந்தால் கூட்டம். ஒருவர் மட்டும் வந்தால் அவர் அடுத்தவரைத் தேடட்டும், அக்ரனில் நடந்ததும் அதுதான். அனுபவமுள்ளவர்களை அழைத்து முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த மண்டபத்தின் பின்னறை வியாழக்கிழமை இரவில் காலியாக இருக்கிறது என்று பொறுப்பாளர் ஐயா சற்றுமுன் என்னிடம் சொன்னார். சாவியும் தருவதாகச் சொல்லிவிட்டார். எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிறேன். எதிர்ப்பக்கம் மோட்டாரில் யாராவது நின்றால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஆனால் சீனி தீர்ந்துபோனால் மட்டும் வெளியே வருவேன்.